சலமாங்கால மாஸ்டர்ஸ் படிக்கப் போறீங்களா? நான் பட்டதை முழுசா சொல்லிடறேன்

ஸ்பெயின்ல சலமாங்கா பல்கலைக்கழகத்துல மாஸ்டர்ஸ் முடிச்சு ஊருக்கு வந்ததுலேருந்து யாராவது ஒருத்தர் மெசேஜ் பண்ணிட்டே இருக்காங்க, அக்கா எப்படி அப்ளை பண்றது, ஏஜென்ட் வேணுமா, ரூம் எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு ஆகும்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் போறப்ப கேட்டுக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது. ஜெர்மனி போனவங்க, அயர்லாந்து போனவங்கன்னு நம்ம தெருவுலயே நாலு பேர் இருப்பாங்க, ஸ்பெயினுக்கு, அதுவும் மாட்ரிட் பார்சிலோனான்னு இல்லாம உள்ளடங்கின ஒரு ஊருக்குப் போனவங்க யாருமே கிடைக்கல. தனியாப் போய் தனியா அல்லாடினதுல ஏஜென்ட் ஃபீஸ், ட்ரான்ஸ்லேஷன், ரூம் அட்வான்ஸ்னு ஒண்ணேகால் லட்சத்துக்குப் பக்கத்துல போச்சு, முதல் செமஸ்டர்ல பாதி நிம்மதியும் போச்சு. இதுல எதுவுமே போயிருக்க வேண்டியதில்ல, முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா.

முதல்ல இந்த யுனிவர்சிட்டி பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது தெரியாமப் போனா அங்க நடக்கிற பாதி விஷயம் புரியாது. லியோன் ராஜா ஒன்பதாம் அல்ஃபோன்சோ 1218ல ஆரம்பிச்சது. ஸ்பெயின்ல இதுக்கு முன்னாடி பலென்சியான்னு ஒரு ஊர்ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அது நிலைக்கல, அதனால இன்னைக்கு வரைக்கும் நடக்கிறதுல இதுதான் அந்த நாட்டிலேயே பழசு. 1254ல பத்தாம் அல்ஃபோன்சோ சாசனம் குடுத்து பேராசிரியர்களுக்குச் சம்பளம் இவ்வளவுன்னு நிர்ணயிச்சார், அடுத்த வருஷமே போப் நாலாம் அலெக்சாண்டர் அங்கீகாரம் குடுத்துட்டார். 1492ல நெப்ரிஹா எழுதின ஸ்பானிஷ் இலக்கணம் அச்சானது இந்த ஊர்லதான். 1539ல ஃபிரான்சிஸ்கோ தெ வித்தோரியான்னு ஒரு டொமினிக்கன் பாதிரியார், பேராசிரியர், அமெரிக்காவுல இருக்கிற பூர்வகுடிகளுக்கு அவங்க மண்ணு மேல உரிமை உண்டு, அவங்க கிறிஸ்தவங்க இல்லேங்கிறதுக்காக அதைப் பிடுங்க முடியாதுன்னு இங்க நின்னு பேசியிருக்கார். அந்த நாட்டு ராஜாவே அமெரிக்காவைப் பிடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல! சர்வதேசச் சட்டம்னு இன்னைக்கு நாம சொல்றதுக்கு அடித்தளம் போட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். நான் பழைய கட்டடங்கள், மரபுச் சின்னங்கள் பாதுகாப்பு சம்பந்தமாத்தான் படிச்சேன், எனக்கு இந்த ஊர் ஏன் இவ்வளவு ஆசையா இருந்துச்சுன்னு இதுலயே புரியும்.

சரி, அந்த ஆசையைத்தான் ஏஜென்ட் பிடிச்சுக்கிட்டார். பேர் சொல்லல, வேண்டாம். 45,000 ரூபா வாங்கிட்டு அவர் செஞ்ச வேலை ரெண்டு. ஒண்ணு, முதல்ல எனக்கு வாங்கிக் குடுக்கப் பாத்த அட்மிஷன் வேற ஒரு யுனிவர்சிட்டிக்கு. சலமாங்கால ரெண்டு யுனிவர்சிட்டி இருக்குங்க, இது முக்கியம். 1852ல அரசாங்கம் பழைய பல்கலைக்கழகத்துலேருந்து இறையியலையும் திருச்சபைச் சட்டத்தையும் எடுத்துட்டாங்க, அந்தப் படிப்புகளை மறுபடி கொண்டுவரணும்னு 1940ல சர்ச் தனியா ஆரம்பிச்சதுதான் பொந்திஃபிசியா பல்கலைக்கழகம். அதுவும் முறையான, நல்ல இடம்தான், இன்னைக்கு மத்த பாடங்களும் அங்க இருக்கு, ஆனா அது திருச்சபையோடது, ஃபீஸ் கணக்கு முழுக்க வேற. பப்ளிக் யுனிவர்சிட்டில ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவுன்னு காஸ்தில்யா இ லியோன் மாநில அரசு கெசட்ல போடும், யுனிவர்சிட்டி இஷ்டத்துக்கு ஏத்திக் கேக்க முடியாது. அதனால அட்மிஷன் லெட்டர் வந்தா பேர்ல சலமாங்கா இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க, முழுப் பேரையும் படிங்க, வெப்சைட் முகவரி யூஎஸ்ஏஎல் டாட் ஈஎஸ்தானான்னு பாருங்க.

ரெண்டாவது விஷயம் இன்னும் ஆபத்து. ஸ்பெயின்ல மாஸ்டர்ஸ்லயே ரெண்டு வகை. ஒண்ணு அரசாங்கம் அங்கீகரிச்ச ஒஃபிசியல், இன்னொண்ணு யுனிவர்சிட்டி தன் பொறுப்புல குடுக்கிற ப்ரோப்பியோ. ரெண்டாவதை வெச்சு நேரா பிஎச்டி சேர முடியாது, வெளிநாட்டுல ஈக்விவலன்ஸ் வாங்கறதும் கஷ்டம். வேலையில இருக்கிறவங்க ஒரு குறிப்பிட்ட திறமைக்காகப் படிக்க அது சரியாத்தான் இருக்கும், நம்மள மாதிரி டிகிரியைக் காட்டி அடுத்த கட்டத்துக்குப் போகணும்னு இருக்கிறவங்களுக்கு ஒத்து வராது. ஸ்பெயின் அரசாங்கத்துல ஆர்யூசிடின்னு ஒரு பதிவேடு இருக்கு, யார் வேணா ஆன்லைன்ல பாக்கலாம், உங்க கோர்ஸ் அதுல இருந்தா ஒஃபிசியல், இல்லேன்னா இல்ல. ரெண்டு நிமிஷ வேலை. ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்ல, ஒரு நாள் ராத்திரி நானா தேடிக்கிட்டு இருந்தப்ப கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் அவரை விட்டுட்டு நானே நேரா யுனிவர்சிட்டி வெப்சைட்ல அப்ளை பண்ணேன், ப்ரீ இன்ஸ்க்ரிப்ஷன்னு போட்டிருப்பாங்க, ஃபார்ம் நம்ம ஊர் காலேஜ் ஃபார்மை விடச் சுலபம். உங்க இந்திய டிகிரியை அந்த நாட்டு டிகிரிக்குச் சமமா மாத்தணும், அதுக்குத் தனி ப்ராசஸ், தனிக் காசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாஸ்டர்ஸ்ல சேர அது தேவையில்ல, வெளிநாட்டு டிகிரியை யுனிவர்சிட்டியே பரிசீலிக்கும், அதுக்கு ஒரு கட்டணம் இருக்கு, அவ்வளவுதான். குடுத்த 45,000 திரும்ப வரல.

பேப்பர் விஷயத்துல வரிசை மாறினா காசு போயிடும். டிகிரி, மார்க்‌ஷீட், போலீஸ் கிளியரன்ஸ் எல்லாத்துக்கும் முதல்ல அப்போஸ்தீல், அதாவது இந்த ஆவணம் அசல்தான்னு வெளிநாட்டுக்குச் சான்று சொல்ற அரசாங்க ஸ்டிக்கர், வாங்கணும், அதுக்கு அப்புறம்தான் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, ஏன்னா அந்த அப்போஸ்தீல் ஸ்டிக்கரையும் சேர்த்து மொழிபெயர்க்கணும். மொழிபெயர்ப்பும் யார் வேணா செஞ்சா செல்லாது, ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் நியமிச்ச சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கிறவங்க சீல் போட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் கணக்கு. ஏஜென்ட் அனுப்பின இடத்துல 18,000 குடுத்து செஞ்ச மொழிபெயர்ப்பு அழகா பைண்ட் பண்ணி தங்கக் கலர் சீலோட வந்துச்சு, பிரயோஜனமில்லாமப் போச்சு. மறுபடி அந்தப் பட்டியல்ல பாத்து ஸ்பெயின்ல இருக்கிற ஒருத்தங்களுக்கு மெயில் போட்டு, பக்கக் கணக்குல யூரோவுல குடுத்து வாங்கினேன். நான் போன சமயத்துல விசாவுக்கு மாசம் 600 யூரோ கணக்குல படிக்கிற காலம் முழுக்கவும் கையில பணம் இருக்குன்னு காட்டணும், அது வருஷா வருஷம் மாறலாம், தூதரகப் பக்கத்துல பாத்துக்கோங்க. இன்ஷூரன்ஸ்ல கோ பேமென்ட் இல்லாத, அதாவது வைத்தியச் செலவுல நம்ம பங்குன்னு எதுவும் கட்ட வேண்டாத பாலிசியா எடுங்க, இல்லேன்னா அதுக்கு ஒரு தடவை திருப்பி அனுப்புவாங்க.

இப்ப ரூம் கதை. இதை எழுதறப்ப இப்பவும் வயித்தைப் பிசையுது. விசா வர லேட்டாச்சு, கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது, அதுக்குள்ள ஒரு அட்ரஸ் வேணுமேன்னு ஆன்லைன்ல தேடினேன். ஊர் நடுவுல இருக்கிற பெரிய சதுக்கம், பிளாசா மயோர், அது பக்கத்துல, ஜன்னலைத் திறந்தா கதீட்ரல் கோபுரம் தெரியற மாதிரி ஒரு ரூம், மாசம் 320. ஓனர்னு பேசினவங்க ரொம்ப மரியாதையாப் பேசினாங்க, தான் வேலை விஷயமா வேற நாட்டுல இருக்கேன், முதல் மாச வாடகையும் அட்வான்ஸ் ஒரு மாசமும் போட்டா சாவியை கூரியர்ல அனுப்பறேன்னாங்க, பாஸ்போர்ட் காப்பி, கான்ட்ராக்ட் எல்லாம் அனுப்பினாங்க. 640 யூரோ, அன்னைக்கு நம்ம காசுக்கு 58,000 கிட்ட. பேங்க் ட்ரான்ஸ்ஃபர். மாட்ரிட்ல இறங்கி ட்ரெயின் பிடிச்சு ரெண்டு பெட்டியோட அந்த அட்ரஸ்ல போய் நிக்கிறேன், கீழ பெல் பட்டன்ல அந்த மாடி எண்ணே இல்ல. அந்தக் கட்டடத்துல நாலாவது மாடியே கிடையாது. போனை எடுத்து அடிச்சா ரிங் போகல. எதிர்ல ஃபார்மசி வெச்சிருந்த அம்மாதான் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு தண்ணி குடுத்து, பக்கத்துல ஒரு ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி இடம் கேட்டுக் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட வீடியோ கால்ல ரூம் நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டு அழுதேன். அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுத்தேன், பொறுமையா எழுதிக்கிட்டாங்க, பணம் வரல.

வேடிக்கை பாருங்க, முன்னாடி சொன்ன அதே பத்தாம் அல்ஃபோன்சோ காலத்துச் சட்டத் தொகுப்புல, சியேத்தே பர்த்தீதாஸ்னு பேர், பல்கலைக்கழகம் வைக்கிற ஊர் எப்படி இருக்கணும்னு எழுதியிருக்கு. நல்ல காத்து இருக்கணும், ஊருக்கு வெளிய போய் உலாவ அழகான இடம் இருக்கணும், ரொட்டியும் திராட்சை ரசமும் தாராளமா கிடைக்கணும், பெரிய செலவில்லாம தங்கறதுக்கு நல்ல வீடுகள் இருக்கணும்னு. பதிமூணாம் நூற்றாண்டுலயே வெளியூர்ப் பிள்ளைங்க வாடகைக்கு அலையறது ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு. கிளாஸ்ல புரொஃபசர் இந்த வரியைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

அதனால ரூமுக்கு என் அனுபவத்துல வழி இதுதான். நேர்ல பாக்காம, இல்ல அங்க இருக்கிற யாரையாவது விட்டுப் பாக்காம ஒரு யூரோ கூட அனுப்பாதீங்க, எவ்வளவு நல்ல கான்ட்ராக்ட் வந்தாலும் சரி. முதல் ஒரு வாரம் பத்து நாளுக்கு ஹாஸ்டல் மாதிரி எங்கயாவது புக் பண்ணிட்டுப் போங்க. பல்கலைக்கழகத்துக்கே சொந்தமா கொலேஹியோ மயோர்னு மாணவர் விடுதிகள் இருக்கு, ஃப்ராய் லூயிஸ் தெ லியோன், ஒவியேதோ, சான் பர்த்தொலோமேன்னு, சாப்பாட்டோட, ஆனா அதுக்கு முன்கூட்டியே, அட்மிஷனுக்கு அப்ளை பண்றப்பவே சேர்த்துப் பாக்கணும், விசா வந்த அப்புறம் தேடினா நிறைஞ்சிருக்கும். ஊருக்குள்ள போயிட்டா ஃபேகல்ட்டி நோட்டீஸ் போர்டுகளைப் பாருங்க, கீழ கிழிச்சுக்கிற மாதிரி போன் நம்பர் வெட்டி ஒட்டியிருப்பாங்க, அதுல வர்றவங்க கண்ணால பாக்கக்கூடிய ஆளுங்க. செப்டம்பர்ல எராஸ்மஸ்னு மாணவர் பரிமாற்றத் திட்டத்துல வர்ற பிள்ளைங்க யூரோப் முழுக்கலேருந்து வந்து இறங்குவாங்க, அவங்களுக்கு முன்னாடி போயிட்டா ரூம் கிடைக்கும்.

ஹாஸ்டல்லேருந்து கிடைச்ச அவசரத்துல பழைய ஊருக்குள்ள ஒரு ரூமுக்குப் போனேன், அங்க வேற வினை. அந்த ஓனர் எம்பத்ரோனமியெந்தோ பண்ண விடமாட்டேன்னுட்டார். அதாவது நாம இந்த அட்ரஸ்ல குடியிருக்கோம்னு நகராட்சி ஆபீஸ்ல பதியறது. சாதாரண விஷயம் மாதிரி தெரியும், ஆனா அதுலதான் எல்லாம் தொங்குது. ஆறு மாசத்துக்கு மேல இருக்கப் போற மாணவர்கள் நாட்டுக்குள்ள வந்து ஒரு மாசத்துக்குள்ள டிஐஇன்னு வெளிநாட்டவங்களுக்கான அடையாள கார்டுக்கு அப்ளை பண்ணணும், போலீஸ் ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் எடுத்து கைரேகை குடுக்கணும், 790ன்னு ஒரு ஃபார்ம், கோட் 012, பேங்க்ல கட்டின ரசீதோட போகணும். நம்ம குடியிருப்புப் பதிவுச் சான்றையும் கேப்பாங்க. முறையான வாடகைக் கான்ட்ராக்டோ ஓனர் கையெழுத்தோ இல்லாம பதிவு இல்ல, பதிவு இல்லாம கார்டு இழுபறி. நான் நகராட்சிக்கும் ஓனர்கிட்டயும் மாத்தி மாத்தி அலைஞ்சேன், காலைல கிளாஸை விட்டுட்டு, ஏன்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அங்க பெரும்பாலான கவர்மென்ட் கவுண்டர் மூடிடும். ரூம் பேசறப்பவே, வாடகை எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, பதிவு பண்ணிக்க விடுவீங்களான்னு கேளுங்க. தயங்கினா எழுந்து வந்துடுங்க. அப்பாயின்ட்மென்ட் சைட்டை காலைல சீக்கிரம் பாருங்க, கிடைச்சதை உடனே எடுங்க, ஸ்க்ரீன்ஷாட் வெச்சுக்கோங்க.

அதே ரூம்தான் குளிரையும் காட்டிச்சு. சலமாங்கா கடல் மட்டத்துலேருந்து 800 மீட்டர் உசரத்துல, வெட்டவெளி மேட்டுநிலத்துல இருக்கு, டிசம்பர் ஜனவரியில ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ சாதாரணமாப் போகும். ஸ்பெயின்னா பீச், வெயில்னு நினைச்சு நான் எடுத்துட்டுப் போன ஸ்வெட்டர் அங்க சட்டை மாதிரி. ஊரே வில்யாமயோர்ங்கிற பக்கத்து ஊர்க் கல்லுல கட்டினது, வெட்டறப்ப மெத்துன்னு இருக்கும், காத்து பட்டுப் பட்டு இறுகும், உள்ள இருக்கிற இரும்புச் சத்தால தங்க நிறம் ஏறும், சாயங்கால வெயில்ல கண்ணைப் பறிக்கும். ஆனா அதுக்குள்ள ஹீட்டிங் இல்லாமப் படுத்துப் பாருங்க. சுவர் ஈரம் கசியும், துவைச்ச துணி நாள் கணக்கா காயாது, ஒரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் வெச்சதுக்கு வந்த கரண்ட் பில்லுக்கு ஒரு வாரம் நான் காபி குடிக்கல. ஹீட்டிங் கட்டடத்துக்கே பொதுவா வாடகையில சேர்ந்ததா, இல்ல தனியான்னு கேட்டு எழுதி வாங்குங்க. கதீட்ரல் தெரியற ரூமை விட ஆத்துப் பக்கமோ புது ஊர்ப் பக்கமோ இருக்கிற எழுபதுகள்ல கட்டின சாதாரண ஃப்ளாட் எவ்வளவோ மேல், ஊரே நடந்து போற தூரம்தான்.

ஜனவரியில நோட்டீஸ் போர்டு மூலமா ஒரு வயசான அம்மா வீட்டுல இடம் கிடைச்சுது, அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அவங்க வீட்டு ஹால்ல ஒரு வட்ட மேஜை, தரை வரைக்கும் தொங்கற கனமான துணி போட்டு, அடியில ஒரு சின்ன ஹீட்டர் வட்டமா சிவந்து கிடக்கும். முன்னெல்லாம் அதுல கரி நெருப்பு வைப்பாங்களாம். துணியைத் தூக்கி காலை உள்ள விட்டுட்டு இழுத்துப் போத்திக்கணும், இடுப்புக்குக் கீழ மே மாசம், மேல ஜனவரி. அந்த மேஜையிலதான் நான் படிச்சேன், அவங்க எதிர்ல உக்காந்து பட்டாணி உரிப்பாங்க. முதல் நாளே "இஹா, வா, நாளைக்கு நகராட்சிக்குப் போயிடலாம், என் அடையாள அட்டையும் எடுத்துக்கறேன்"னு அவங்களாவே சொன்னாங்க. மகளேன்னு அவங்க கூப்பிட்ட அந்த நிமிஷம் எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்துடுச்சு.

படிப்பு. கோர்ஸ் ஸ்பானிஷ்ல, நான் ஸ்பானிஷ்ல பி2 லெவல் முடிச்சிட்டுத்தான் போனேன், ஆனா கிளாஸ்ல காஸ்தில்யாக்காரங்க பேசற வேகம் வேற. யூடியூப்ல ஸ்பானிஷ் ரேடியோ, பாராளுமன்றப் பேச்சு இதெல்லாம் போறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா கேளுங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் கியா தொசேந்தேன்னு ஒரு வழிகாட்டி ஆன்லைன்ல இருக்கும், மார்க் எப்படிப் பிரியும், அட்டென்டென்ஸ்க்கு எவ்வளவு, எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவுன்னு அதுல இருக்கும், அது சும்மா பேப்பர் இல்ல, புரொஃபசரையே கட்டுப்படுத்தற ஆவணம். மார்க் பத்துக்கு. அஞ்சு பாஸ், ஏழுன்னா நல்ல மார்க், ஒன்பதுக்கு மேல அபூர்வம். நான் முதல் பேப்பர்ல 6 வாங்கிட்டு உடைஞ்சு போயிட்டேன், நம்ம ஊர் கணக்குல அறுபதுன்னா மட்டம்தானே, அங்க பக்கத்துல இருந்த பையன் 6 வாங்கிட்டு பார்ட்டிக்குப் போறான். ஒரு வருஷத்துக்கு ஒரு பாடத்துக்கு ரெண்டு வாய்ப்பு உண்டு, ரெண்டுலயும் போனா மறுபடி பணம் கட்டிச் சேரணும், அந்த ரெண்டாவது தடவை கிரெடிட் விலை கூடும், மூணாவது தடவை இன்னும் கூடும். மார்க் வந்ததும் ரிவிஷன்னு ஒரு நேரம் போடுவாங்க, போய் உங்க பேப்பரை விரிச்சுப் பாத்து ஏன் இந்த மார்க்னு கேக்கற உரிமை இருக்கு. நம்ம பிள்ளைங்க கூச்சப்பட்டுப் போறதில்ல. போங்க. நான் போனப்ப புரொஃபசர் ஒவ்வொரு பதிலா உக்காந்து விளக்கினார், அடுத்த பேப்பர் எப்படி எழுதணும்னு எனக்குத் தெரிஞ்சது அந்த அரை மணி நேரத்துலதான்.

அந்த உரிமை சும்மா வந்ததில்ல. இத்தாலியில இருக்கிற பொலோஞா பல்கலைக்கழகம் மாதிரியே இங்கயும் ஆரம்ப காலத்துல ரெக்டரே, அதாவது பல்கலைக்கழகத் தலைவரே, ஒரு மாணவர்தான், வருஷா வருஷம் தேர்ந்தெடுப்பாங்க. பேராசிரியர் பதவிக்குப் போட்டின்னா மாணவங்க ஓட்டுப் போடுவாங்க, இது பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும் நடந்திருக்கு, லஞ்சமும் அடிதடியும் ஆகி அப்புறம் எடுத்துட்டாங்க. ஜெயிச்சவங்க, டாக்டர் பட்டம் வாங்கினவங்க பேரை விக்தோர்னு ஒரு குறியோட சுவர்ல சிவப்புல எழுதினது இன்னும் ஊரெங்கும் இருக்கு, எருது ரத்தம் கலந்த சாயம்னு சொல்வாங்க. டூரிஸ்ட் எல்லாம் பழைய கட்டட முகப்புல மண்டையோட்டு மேல உக்காந்திருக்கிற தவளையைத் தேடிக் கண்டுபிடிச்சா பாஸ் ஆயிடலாம்னு கழுத்து வலிக்க நிப்பாங்க, எனக்கு அந்தத் தவளையை விட இந்தச் சிவப்பு எழுத்துதான் பிடிக்கும்.

தனிமைதான் ரொம்பப் படுத்தும், அதையும் சொல்லிடணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையெல்லாம் மூடி ஊர் அடங்கிடும், ராத்திரிச் சாப்பாடு ஒன்பது பத்து மணிக்கு, எனக்குப் பசி எடுக்கறப்ப ஊர்ல எதுவும் கிடைக்காது. அந்த மாதிரி ஒரு மாசத்துல நான் அடிக்கடி போய் உக்காந்தது பல்கலைக்கழகத்தோட பழைய எஸ்குவேலாஸ் மயோரெஸ் கட்டடத்துல, பதினாறாம் நூற்றாண்டுல ஃப்ராய் லூயிஸ் தெ லியோன்னு ஒரு துறவி, கவிஞர், பாடம் நடத்தின வகுப்பறையில. மாணவங்களுக்கு பெஞ்சுன்னு இழைக்காத மரத்துண்டு, அதுல நூத்துக்கணக்கான வருஷமா பிள்ளைங்க கத்தியால கிறுக்கின பேருங்க, கோடுகள். பைபிள்ல ஒரு பகுதியை ஸ்பானிஷ்ல மொழிபெயர்த்தாருன்னு 1572ல இன்க்விசிஷன்னு சர்ச்சோட மத விசாரணைக் குழு ஃப்ராய் லூயிஸைப் பிடிச்சு உள்ள போட்டுச்சு, 1576லதான் விட்டாங்க, வந்து இந்த மேடையில ஏறி "நேத்து சொல்லிக்கிட்டு இருந்த மாதிரி"ன்னு ஆரம்பிச்சாருன்னு ஒரு கதை. கதையா நெசமான்னு சண்டை போடுவாங்க. அதே கட்டடத்துப் பெரிய அரங்குலதான் 1936 அக்டோபர் 12ல, உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருக்கறப்ப, ரெக்டரா இருந்த எழுத்தாளர் உனாமுனோ ராணுவத் தளபதிகளுக்கு முன்னாடி எழுந்து நின்னு எதிர்த்துப் பேசினார். என்ன வார்த்தை பேசினாருங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள கருத்து வேறுபாடு உண்டு, ஆனா பேசினார், பதவி போச்சு, அந்த வருஷக் கடைசி நாள் வீட்டுலயே செத்துப் போனார். அந்த அரங்குல நின்னப்ப என் ரூம் அட்வான்ஸ் கவலையெல்லாம் சின்னதாத் தெரிஞ்சுது, நெஜமாவே.

ஆளுங்களோட சேரணும்னா வழி இருக்கு. யுனிவர்சிட்டி சாப்பாட்டுக் கூடத்துல மலிவா மூணு ஐட்டத்தோட சாப்பிடலாம், அங்க நீளமான மேஜை, தனியா உக்கார முடியாது, பேச்சு தானா வரும். பிளாசா மயோர்ல கடிகாரத்துக்குக் கீழன்னா எல்லாருக்கும் தெரியும், யாரைப் பாக்கணும்னாலும் அங்கதான். டிசம்பர்ல லீவுக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான மாணவங்க அந்தச் சதுக்கத்துல கூடி முன்கூட்டியே புத்தாண்டு கொண்டாடுவாங்க, புத்தாண்டு ராத்திரி மணி அடிக்கறப்ப அங்க வழக்கமா சாப்பிடற பன்னெண்டு திராட்சைக்குப் பதிலா ஜெல்லி மிட்டாய். ஈஸ்டர் ஞாயிறுக்கு எட்டு நாள் கழிச்சு வர்ற திங்கக்கிழமை லூனெஸ் தெ ஆகுவாஸ்னு ஒரு திருநாள், ஊரே தோர்மெஸ் ஆத்தங்கரையில உக்காந்து ஓர்னாஸோன்னு ஒரு அடைச்ச ரொட்டி சாப்பிடும், உள்ள பன்றிக்கறிதான், சாப்பிடாதவங்க முன்னாடியே சொல்லிடுங்க. இந்த மாதிரி நாளுக்கு யாராவது கூப்பிட்டா பரீட்சைன்னு சொல்லி ரூம்ல இருந்துடாதீங்க.

கடைசியில ஆய்வுக் கட்டுரை, மூணு பேர் குழு முன்னாடி வாய்மொழித் தேர்வு. முன்னாடி காலத்துல பட்டம் வாங்கப் போறவங்க பழைய கதீட்ரல்ல சாந்தா பார்பரா சேப்பல்ல முந்தின ராத்திரி முழுக்க தனியா உக்காந்து படிப்பாங்களாம், அங்க இருக்கிற பிஷப் கல்லறைச் சிலையோட பாதத்துல தன் பாதத்தை வெச்சுக்கிட்டு. ஜெயிச்சா பெரிய வாசல் வழியா மேளதாளத்தோட, தோத்தா பின்னாடி வண்டி வாசல் வழியா. நான் முந்தின நாள் போய் அந்த நாற்காலியைப் பாத்துட்டு வந்தேன். தேர்வு அவ்வளவு பயங்கரமில்ல, ஆனா நேரத்தை ரொம்பக் கறாராப் பாப்பாங்க, பதினைஞ்சு நிமிஷம்னா பதினைஞ்சுதான், வீட்டுல கடிகாரம் வெச்சுப் பழகிட்டுப் போங்க. கட்டுரையைச் சமர்ப்பிக்கிற தேதி, கைடு ஒப்புதல் குடுக்கற தேதி ரெண்டும் வேற வேற, ரெண்டையும் குறிச்சு வைங்க.

முடிச்ச உடனே கையில ஒரிஜினல் சர்டிஃபிகேட் வந்துடும்னு நினைச்சு டிக்கெட் போடாதீங்க. டிகிரி வேணும்னு தனியா விண்ணப்பிச்சு கட்டணம் கட்டணும், கட்டினதும் ஒரு தற்காலிகச் சான்று தருவாங்க, ஒரிஜினல் அச்சாகி வர ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும். அதை அப்புறம் ஸ்பெயின் தூதரகம் வழியாவும் வாங்கிக்கலாம், ஆனா ஸ்பெயின்ல இருக்கறப்பவே தற்காலிகச் சான்றுக்கும் மார்க் பட்டியலுக்கும் கையெழுத்துச் சரிபார்ப்பும் அப்போஸ்தீலும் வாங்கி முடிச்சிட்டு வாங்க. இங்க வந்து ஈக்விவலன்ஸுக்கோ வேலைக்கோ கேக்கறப்ப அதுதான் முதல்ல கேப்பாங்க, ஊர்லேருந்து அதை வாங்கறதுக்கு அங்க யாராவது ஒருத்தருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் குடுக்க வேண்டி வரும். எனக்கு அதை அந்த வீட்டு அம்மாவே ஆபீஸ் ஆபீஸா போய் வாங்கி அனுப்பினாங்க, எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் கிடைப்பாங்கன்னு சொல்ல முடியாது. வேற ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, ரூமுக்குப் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி கேளுங்க.